கைப்புக் காணாது

புதுச்சேரி நகரத்தில் ஒரு பீர் வாங்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்கு வண்டியை விட்டால், வீடு வந்து சேர்வதற்குள் அந்த பாட்டில் இன்னொரு மாநிலத்துக்குள் போய்த் திரும்பியிருக்கும். முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இரண்டு முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் எல்லாம் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்திருந்த நிலம் 1954இல் இந்தியாவுக்குக் கைமாறியபோது, துண்டுகள் துண்டுகளாகவே வந்து சேர்ந்தன. காலாப்பட்டு அதில் ஒன்று. ஒரு பக்கம் கடல், மீதி எல்லாப் பக்கமும் தமிழ்நாடு.

எல்லையைத் தாண்டும்போதெல்லாம் மதுவின் சட்டமும் மாறும். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள் கிடையாது. 2003லிருந்து சில்லறை மதுக்கடை என்றால் டாஸ்மாக் மட்டும்தான். இந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு, லைசென்ஸோடு சாராயக்கடை உண்டு, தனியார் ஒயின்ஷாப் உண்டு. சட்டம்தான் மாறும், பேச்சு மாறாது. எந்தக் கடைக்குப் போய் பீர் கேட்டாலும் இரண்டே கேள்விதான் வரும். "ஸ்ட்ராங்கா, லைட்டா?" "கூலிங்கா, சாதாவா?"

எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. குவாட்டர், ஆஃப், கட்டிங், ரவுண்டு எல்லாம் அளவு. ஏறுச்சா, தூக்குச்சா, மட்டை எல்லாம் விளைவு. குடிகாரன், குடிகெடுத்தவன் இரண்டும் தீர்ப்பு. சாம்பாரில் பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினால் கண்டுபிடித்துச் சொல்கிற நமக்கு, கிளாஸில் இருப்பதன் ருசியைச் சொல்ல ஒரு சொல்கூட வாய்க்கு வருவதில்லை. இது எனக்கு உறைத்தது கறுப்பு பீரில்தான். லேகரை ஐஸ் மாதிரி குளிரவைத்து விழுங்கிவிட முடியும், பேச ஒன்றுமில்லை. ஸ்டவுட்டை அப்படி விழுங்க முடியாது. வாயில் நிற்கும். நின்றால், அது என்ன என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது.

*

காலாப்பட்டில் பொறியியல் படித்து முடித்த கையோடு பெங்களூருக்கு வேலைக்குப் போனேன். 2010 வாக்கில் அங்கே கடையிலேயே காய்ச்சி ஊற்றும் பப்கள் ஒன்றொன்றாக வர ஆரம்பித்திருந்தன. டீம் பார்ட்டி ஒன்றில் முதல்முதலாக ஓட்மீல் ஸ்டவுட் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவன், "மச்சி, கறுப்புடா, ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும், பாத்துக் குடி" என்றான். மெனு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அவன் கையில் வைத்திருந்த கோதுமை பீரைவிட அதில் ஆல்கஹால் குறைவு.

கறுப்பு என்றால் வீரியம் என்கிற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பாதி அந்தப் பெயரிலிருந்தே வந்தது. ஸ்டவுட் என்ற ஆங்கிலச் சொல் பீரின் உலகத்துக்குள் நுழைந்தபோது அதற்கு 'வலுவானது' என்பதுதான் பொருள். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெளிர் நிற ஸ்டவுட்கூட இருந்தது. அப்போது லண்டன் தொழிலாளிகள் குடித்தது போர்ட்டர் என்ற பழுப்பு பீர். அதில் வலுக்கூடியது ஸ்டவுட் போர்ட்டர். பிறகு போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது.

கறுப்பின் கதை இன்னும் சுவாரசியமானது. பொறியியல் படித்த யாருக்கும் பிடிக்கும். பழைய போர்ட்டர் முழுக்கப் பழுப்பு மால்ட்டில் காய்ச்சப்பட்டது. முளைவிட்ட பார்லியைத் தீயில் வாட்டினால் பழுப்பு மால்ட். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹைட்ரோமீட்டர் பீர் ஆலைகளுக்குள் வந்தது. கரைசலில் எவ்வளவு சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று அளக்கும் கருவி. அளந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டில் சர்க்கரை நிறைய இறங்குகிறது, கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம் என்று. எல்லாரும் வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். செலவு குறைந்தது, நிறமும் போய்விட்டது. ஆனால் குடிக்கிறவனுக்கு போர்ட்டர் என்றால் கறுக்க வேண்டும். கருக்கிய சர்க்கரை, கண்டதையும் கலந்தார்கள். 1816இல் நிறம் கலக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே, 1817இல், டேனியல் வீலர் என்பவர் காப்பிக்கொட்டை வறுப்பதுபோல உருளைக்குள் மால்ட்டைப் போட்டுக் கரியாகாமல் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கைப்பிடி போட்டால் அண்டா முழுக்கக் கறுக்கும். மீதியெல்லாம் சாதாரண வெளிர் மால்ட்தான்.

இன்றைக்கும் அதேதான். ஒரு ஸ்டவுட்டில் போகும் தானியத்தில் கறுக்க வறுத்தது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு. ஆல்கஹால் வருவது மிச்ச ஒன்பது பங்கிலிருந்து.  நிறம் வறுவலைச் சொல்கிறது, வேறெதையும் சொல்வதில்லை. டப்பாவில் வரும் கின்னஸ் டிராட்டில் ஆல்கஹால் 4.2 விழுக்காடு. நம்மூர்க் கடையில் தங்க நிறத்தில் மினுங்கும் ஸ்ட்ராங் பாட்டிலில் 8 வரை இருக்கும். அதைக் குடிக்கிறவர்தான் இதைப் பார்த்து பயப்படுகிறார்.

*

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் காலாப்பட்டுக்குத் திரும்பினேன். சவுக்குத் தோப்பும், பல்கலைக்கழக மதிலும், ராத்திரி அலைச் சத்தமும். வாரக் கடைசியில் ஐந்தாறு பேர் மொட்டை மாடியில் சேர்வோம். வெளிநாடு போய்வருகிறவர்கள் அனுமதிக்கப்பட்ட 2 லிட்டரைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த பழைய டீம்மேட் கோஸ்ட்ரிட்சர் கொண்டுவந்தான். அதன் வகைக்கு ஜெர்மன் மொழியில் ஷ்வார்ட்ஸ்பியர் என்று பெயர், நேரடியாகவே கறுப்பு பீர். சிங்கப்பூரிலிருந்து இன்னொருவன் கின்னஸ் டப்பாக்கள். நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். பெயர், ஆல்கஹால், மணம், வாய், பின்சுவை என்று பத்திகள் போட்டேன்.

பத்திகளை நிரப்புவதில்தான் சிக்கல். பீர் ருசிபார்க்கிறவர்களுக்கென்று ஒரு சுவைச் சக்கரம் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டன் மெயில்கார்ட் 1970களில் உருவாக்கியது. வட்டத்தைச் சுற்றிச் சொற்கள். அதில் நல்லது கெட்டது எல்லாமே இருக்கும். ஆனால் வெயில் பட்டுக் கெட்டுப்போன பீருக்கு ஆங்கிலத்தில் சொல்வது ஸ்கங்க் வாடை. ஸ்கங்க் என்கிற பிராணியை எங்களில் ஒருவரும் முகர்ந்ததில்லை. பிளாக்கரன்ட், லிக்கரிஸ், டஃபி என்று எழுதிக்கொண்டே போனோம். பாதி எங்கள் நாக்கில் பட்டதே இல்லாத பண்டங்கள். இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்து எழுதும் பரீட்சை மாதிரி ஆனது.

ஒருநாள் கோஸ்ட்ரிட்சரை முகர்ந்துவிட்டு ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள்: "கேழ்வரகு வறுக்கும்போது, கரியறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வருமே, அது." எல்லாரும் மறுபடி முகர்ந்தோம். அதுவேதான். அதன்பிறகு ஷீட்டில் ஆங்கிலம் நின்றுபோனது. யோசித்துப் பார்த்தால், வறுப்பதற்கும் கருக்குவதற்கும் தமிழ்ச் சமையல்கட்டில் இருக்கிற அளவுக்குச் சொற்கள் அந்தச் சக்கரத்தில் இல்லை. பொன்னிறம், சிவக்க, முறுகல், கருகல், தீய்ந்தது, அடிபிடித்தது, காந்தல். ஒவ்வொன்றும் வேறு வெப்பம், வேறு நேரம். அடிபிடித்த பாலும் காந்திய சோறும் ஒரே வாசனை என்று எந்தச் சமையல்காரரும் சொல்லமாட்டார். தொண்டைக்கு வந்தால் காறல் வேறு, கமறல் வேறு.

அப்படி எழுதியதில் சில: கோஸ்ட்ரிட்சர், வறுத்த கேழ்வரகு, மெல்லிசு, விழுங்கியதும் வாய் சுத்தம், பார்வைக்குத்தான் கறுப்பு. கின்னஸ், வறுத்த பார்லியின் வறட்சி, பாலில்லாத ஆறின காப்பி, நுனியில் ஒரு புளிப்பு, வாயில் மோர் மாதிரி வழுவழுப்பு. அந்த வழுவழுப்பு நைட்ரஜனின் வேலை. மற்ற பெரும்பாலான பீர்களில் வெறும் கார்பன்டை ஆக்சைடு. இதில் டப்பாவுக்குள் ஒரு வெள்ளைப் பந்து இருக்கும், திறந்ததும் நைட்ரஜனைப் பீய்ச்சிச் சின்னச் சின்னக் குமிழியாக்கும். பெங்களூரிலிருந்து நினைவில் இருந்த ஓட்மீல் ஸ்டவுட்: கஞ்சியின் கொழகொழப்பு, கருப்பட்டிப் பாகு கம்பிப் பதத்துக்கு வரும்போது எழும் மணம்.

*

நல்ல சொற்கள் கிடைத்துவிட்டன. ஆனால் அவை பீரில் இருந்தனவா, எங்கள் கண்ணில் இருந்தனவா? 2001இல் போர்தோவில் நடந்த ஓர் ஆய்வு பிரபலம். 54 ஒயின் மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கான சொற்களால் வர்ணித்தார்கள். மூக்கு கண் சொன்னதைக் கேட்டிருக்கிறது.

எனவே கண்ணைக் கட்டினோம். முக்கோணச் சோதனை என்று ஒரு முறை உண்டு. 1940களில் கார்ல்ஸ்பர்க் ஆலையில் உருவானது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொன்னால் போதும், வர்ணனை வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருதடவை சரியாக வரும். கின்னஸையும் கோஸ்ட்ரிட்சரையும் கிளாஸ் மாற்றி மாற்றி ஊற்றி நுரையும் குமிழியும் அடங்கவிட்டோம், இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆறு பேர். நாலு பேர் சரியாகச் சொன்னார்கள்.

நாலு என்றதும் மாடியில் ஒரே கொண்டாட்டம். நான் கணக்குப் போட்டேன். ஆறு பேரும் சும்மா ஊகித்தாலே பத்தில் ஒருதடவை நாலு பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொல்லிவிடுவார்கள். அது போதாது. ஐந்து பேர் சொல்லியிருந்தால் அந்தத் தற்செயல் நூறில் இரண்டுக்கும் கீழே இறங்கும், அப்போது நம்பலாம். இத்தனைக்கும் கண் திறந்திருந்தபோது இதே ஆறு பேரும் கின்னஸ்தான் கனம், கின்னஸ்தான் வலு என்று எழுதியிருந்தோம். கோஸ்ட்ரிட்சர் 4.8, கின்னஸ் 4.2.

இந்த மாதிரிச் சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நம்பலாம் என்கிற கணக்கே ஸ்டவுட்டிலிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. வில்லியம் கோசெட் 1899இல் டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லி, ஹாப்ஸ் சோதனைகளில் அவருக்குக் கிடைத்தது எப்போதும் நாலைந்து மாதிரிகள்தான். அதை வைத்து முடிவெடுக்க ஒரு முறையை உருவாக்கினார். 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். கல்லூரியில் நாங்கள் மனப்பாடம் செய்து மறந்த ஸ்டூடன்ட் டி டெஸ்ட் அதுதான். இன்று என் வேலையில் இரண்டு பட்டன்களில் எதை அதிகம் பேர் அழுத்துகிறார்கள் என்று பார்க்கும்போதும் அந்த வழியில் வந்த கணக்குதான் பின்னால் ஓடுகிறது.

நாக்கின் எல்லை எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது மாடியில். அதே சாலையில் வடக்கே போனால் அது விளையாட்டில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேல். இரண்டிலும் மெத்தனால். மெத்தனாலை எத்தனாலிலிருந்து நாக்கால் பிரித்தறிய முடியாது. கூர்மையான நாக்கு இருந்தாலும் காப்பாற்றாது. அந்தச் சமயத்தில் ஒரு டீக்கடையில், "ருசி தெரியாம எதையாவது ஊத்திக்கிட்டா இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நாள் முழுக்க உடம்பால் உழைத்துவிட்டு மலிவாகக் கிடைப்பதை மூச்சைப் பிடித்து ஒரே மடக்கில் இறக்குகிறவனுக்கு ருசி ஒரு தடை, தாண்டிப்போக வேண்டிய இடம். நான் 50 மில்லியைக் கால்மணி நேரம் முகர முடிகிறது என்றால், அது நாக்கின் திறமையால் இல்லை. எனக்கு நேரம் இருக்கிறது, மூடி பிரிக்காத டப்பா இருக்கிறது, அதன்மேல் உள்ளே இருப்பது என்ன என்று அச்சடித்த எண் இருக்கிறது.

*

அந்த ஷீட்டில் ஒரு வரிசை மட்டும் நான் நிரப்பியதல்ல.

பழைய ஐரோப்பிய ஸ்டவுட்கள் முதல் உலகப் போர்க்காலத்துத் தானியத் தட்டுப்பாட்டிலும் வரியிலும் மெலிந்துபோயின. வெப்ப நாடுகளுக்குப் போன ஸ்டவுட் மெலியவில்லை. கின்னஸ் 1801இல் கரீபியத் தீவுகளுக்கென்று வலுவாகக் காய்ச்சியது ஒரு கிளை. ஜமைக்கா, நைஜீரியா, மலேசியா என்று இன்றும் அந்த வகைதான் ஓடுகிறது. நமக்குப் பக்கத்திலிருக்கும் கிளை இலங்கையின் லயன் ஸ்டவுட். மலையகத்தில் நுவரெலியாவில், ஆறாயிரம் அடிக்கு மேலே, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் பேக்கர் ஆரம்பித்து வைத்த பீர் தொழிலின் வாரிசு. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போன அதே பேக்கர். பாடகர் அல்லாத மைக்கேல் ஜாக்சன், உலகம் முழுக்க பீர் தேடி அலைந்து எழுதிய ஆங்கிலேயர், இந்த ஸ்டவுட்டைக் கொண்டாடியிருக்கிறார். 1990களில் ஆலை மலையிலிருந்து இறங்கி, கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்குப் போனது.

ஆபீஸ் வேலையாக நான்கு நாள் கொழும்பு போனபோது நாலு கேன் வாங்கி வந்தேன். கேனில் 8.8 விழுக்காடு என்று போட்டிருந்தது. காலாப்பட்டுக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இலிருந்து பெயர் மறுவாழ்வு முகாம். கல்லூரி நாட்களில் கிரிக்கெட்டில் கிடைத்த நண்பன் ஒருவன் அங்கே பிறந்தவன், பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறான். அவன் அப்பா திருகோணமலைக்காரர். வயசில் அங்கே ஒரு ஹோட்டலில் பரிமாறியவர். 1990இல் படகில் வந்தவர். "கொழும்பு போறேன்பா" என்று நான் சொன்னதும், "லயன் ஸ்டவுட் இப்பவும் வருதோ, தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார்.

மாடிக்கு அவரை நண்பன் வண்டியில் கூட்டிவந்தான். கண் கட்டவில்லை, ஷீட்டைப் பற்றிச் சொல்லவுமில்லை. கேனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முந்தி உது பெரிய போத்தல்ல வரும். வெள்ளைக்காரர் வந்தா ஐஸ் கேப்பினம். எங்கட ஆக்கள் கேக்கமாட்டினம்." கிளாஸில் ஊற்றினேன். கறுப்பு, ஓரத்தில் கொஞ்சம் செம்மை, மேலே பழுப்பு நுரை. எனக்குக் கருப்பட்டியும் வறுத்த காப்பிக்கொட்டையும் உலர்ந்த திராட்சையும். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சும்மா இருந்தார். இன்னொரு வாய்.

"இனிப்புக் கூடிப்போச்சு. கைப்புக் காணாது."

"கசப்பு பத்தலன்றாரு" என்றான் நண்பன் எனக்கு.

"கசப்பு வேற, கைப்பு வேற" என்றார் அவர். "கசப்பு மருந்து. கைப்பு எண்டா விரும்பிச் சாப்பிடுறது, பாகற்காய் மாதிரி."

அறுசுவைப் பட்டியலில் கைப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதை வாயால் சொல்லி ஒருவர் பயன்படுத்தியதை அன்றுதான் கேட்டேன். மாடிக்கூட்டம் இத்தனை மாதமாகத் தேடி எடுத்த சொற்களில் இது இல்லை.

அவர் சொன்னது சரியா? ஆலை இடம் மாறியிருக்கிறது, தண்ணீர் மாறியிருக்கிறது. போத்தல் கேனாகியிருக்கிறது. அவர் வயது எழுபதை நெருங்குகிறது, வயதானால் நாக்கு மழுங்கும். முப்பத்தைந்து வருஷ நினைவு எதையும் கொஞ்சம் திருத்தித்தான் வைத்திருக்கும். இந்த நாலில் எது என்று பிரிக்க ஒரே வழி 1990ஆம் வருஷத்துப் போத்தல் ஒன்றை இதன் பக்கத்தில் வைப்பது. ஸ்டூடன்ட்டுக்குக்கூட நாலைந்து மாதிரி தேவைப்பட்டது. இங்கே ஒப்பிட வேண்டிய இரண்டில் ஒன்று ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. ஆனாலும் என் ஷீட்டின் மற்ற வரிகளில் எதுவும் இந்த அளவுக்குத் தீர்மானமாகச் சொல்லப்பட்டதில்லை. எங்கள் ஆறு பேருக்கும் ஒரு கறுப்பு பீரை இன்னொன்றிலிருந்து பிரிப்பதில் நட்டமுமில்லை லாபமுமில்லை. அவருக்கு இருந்தது.

"நீங்க ஒருதடவை போய்ப் பாத்துட்டு வரலாமேப்பா" என்று நண்பர்களில் ஒருவன், விஷயம் தெரியாமல், கேட்டுவிட்டான். அவரிடம் இந்தியக் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்கள் இல்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பு மூலம் விரும்பித் திரும்பிப் போகலாம், போகிறவர்களும் உண்டு. அது போகிற பாதை மட்டும். மகன், பேரப்பிள்ளைகள் எல்லாம் இங்கே. அவர் இதையெல்லாம் விளக்கவில்லை. "போறது சுகம், தம்பி" என்றார், அவ்வளவுதான்.

முகாமில் கணக்கெடுப்பு நாள் மறுநாள். ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். பாதி கிளாஸ் மிச்சம் வைத்திருந்தார். படியிறங்கும்போது திரும்பி, "அடுத்தமுறை போனா ஸ்டவுட் வேண்டாம். நெக்டோ கிடைச்சா ஒண்டு கொண்டுவாங்கோ" என்றார்.

"அது கலர் சோடாப்பா. அதுவும் மாறியிருக்கும்" என்றான் நண்பன்.

"மாறட்டுமே. என்ன மாறினதெண்டு நான் சொல்லுவன்."